ஒரே நாளில் நான்கு ஊர் என்று சொன்னால் பணம் கட்டலாமா?

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்கு மகன் குடும்பத்தோடு வருகிறான். இரண்டு பேரக்குழந்தைகளையும் சேர்த்து ஆறு பேர். புதுச்சேரியில் கடலை ஒட்டிய விடுதியில் மூன்று நாள் தங்கப்போகிறோம். அங்குள்ள பயண ஏஜென்ட் 'ஆரோவில், செஞ்சி, சிதம்பரம், பிச்சாவரம் – எல்லாம் ஒரே நாளில்' என்று ஒரு திட்டம் சொல்லி, முழுப் பணத்தையும் இப்போதே கேட்கிறார். கட்டலாமா?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. ஏஜென்ட் நல்லவரா கெட்டவரா என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் வரைபடத்தைப் பாருங்கள். செஞ்சி புதுச்சேரிக்கு வடமேற்கே சுமார் 70 கி.மீ.; பிச்சாவரம் தெற்கே, அதைவிடச் சற்று அதிகத் தொலைவு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக விழுப்புரம் வழியாகச் சுற்ற வேண்டும். சாலையிலேயே ஆறேழு மணி நேரம் போய்விடும். ஊருக்கு ஒரு மணி நேரம்கூட மிஞ்சாது.

அப்படிப் போகிறவர்களுக்குச் செஞ்சியில் கிடைப்பது அடிவாரத்துக் கல்யாண மகாலும் ஒரு புகைப்படமும்தான். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சிக்கு அருகில், பெரும் பிளவின் மேல் போட்டிருக்கும் அந்தச் சிறு பாலத்தில் நின்று பார்த்தால்தான் சிவாஜிக்கும் முகலாயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இந்தக் கோட்டை ஏன் வேண்டியிருந்தது என்பது புரியும். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் இதுவும் ஒன்று. ஏறி இறங்க மூன்று மணி நேரமாவது வேண்டும். பிற்பகலில் மலை ஏற விடுவதை நிறுத்திவிடுவார்கள். சிதம்பரம் நடராசர் கோயிலோ நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும். இந்த இரண்டு கதவுகளையும் கணக்கில் எடுக்காத திட்டத்துக்கு ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்குவதில் நேரமும் சேர்த்திதான்.

ஒரு நாளைத் தெற்குக்கு ஒதுக்குங்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் கூட்டம் சேருமுன் சிதம்பரம் தரிசனம், பத்து மணிக்குப் பிச்சாவரம் படகு, திரும்பும் வழியில் கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் குழந்தைகள் விளையாட மாலை நேரம். மறுநாள் வடக்கே செஞ்சி. வழியில் திருவக்கரை கல்மரப் பூங்கா. கல்லாகிப்போன அடிமரங்கள் சுமார் இரண்டு கோடி ஆண்டு பழையவை. ஒரு சில்லைக்கூட எடுத்து வரக் கூடாது என்று பேரன்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஆரோவில் பக்கத்தில்தான் இருக்கிறது. மூன்றாம் நாள் அரைப்பொழுது போதும்.

இன்னொன்று: செஞ்சி போன்ற தொல்லியல் துறைச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஏஜென்டின் பட்டியலில் பேரக்குழந்தைகளுக்கும் கட்டணம் போட்டிருந்தால் கழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: காரில் சிதம்பரமும் பிச்சாவரமும் போய் அன்று இரவே திரும்பினோம். ஓடியது 168 கி.மீ. பில்லில் 250 கி.மீ. என்று போட்டு, டிரைவர் பேட்டா தனியாக, டோல் போக ஒன்று வர ஒன்று என்று இரண்டு மடங்காக வாங்கிவிட்டார்கள். இது நியாயமா?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம் ஐயா.

250 கி.மீ. என்பது வெளியூர் வாடகையில் பலரும் வைக்கும் குறைந்தபட்சக் கணக்கு. முன்கூட்டியே சொல்லி, நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் தர வேண்டியதுதான். சொல்லவே இல்லையென்றால் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இத்தனை குறைந்த தூரத்துக்கு 'பத்து மணி நேரம், இத்தனை கி.மீ.' என்ற நாள் வாடகை பெரும்பாலும் மலிவாக வரும். இரண்டு கணக்கையும் கேட்டுவிட்டுத்தான் வண்டி சொல்ல வேண்டும். கி.மீ. உங்கள் வாசலில் தொடங்குகிறதா, அவர்கள் ஷெட்டிலா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் இதைக் கேட்காமல் ஏறி, வீட்டுக்கு வண்டி வந்த தூரத்துக்கும் திரும்பிப் போன தூரத்துக்கும் சேர்த்து நான் பணம் கொடுத்தேன். அன்று முதல் ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டர் எண்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறேன். எந்த டிரைவரும் இதற்குக் கோபித்ததில்லை.

பேட்டா வழக்கமான செலவு. அது டிரைவரின் சாப்பாட்டுக் காசு. பேசிய தொகை என்றால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

டோலில்தான் உங்களிடம் அதிகம் வாங்கியிருக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலையில் 24 மணி நேரத்துக்குள் அதே சுங்கச்சாவடி வழியாகத் திரும்பினால், போகவர இரண்டுக்கும் சேர்த்து ஒருவழிக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குதான். ஃபாஸ்டேக் இருந்தால் அந்தக் கழிவு தானாகவே வந்துவிடும். சாவடியைத் தாண்டியதும் வண்டிக்காரரின் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியைக் காட்டச் சொல்லுங்கள். அதிலுள்ள தொகைக்கு மேல் தர வேண்டியதில்லை. வாங்கிய மிச்சத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

வண்டியின் பலகையையும் ஒரு கண் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் டி போர்டு. வாடகைக்கு ஓட்ட உரிமம் பெற்றது. சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை (ஓன் போர்டு) வண்டியை மலிவு என்று எடுத்து வழியில் விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும். சில நூறு ரூபாய்க்காகக் குடும்பத்தையே அப்படி ஏற்றிச் செல்லாதீர்கள்.

கேள்வி: பிச்சாவரத்தில் மோட்டார் படகா, துடுப்புப் படகா?
– வாசகர், நெய்வேலி

பதில்: துடுப்புப் படகு. மோட்டார் படகு அகன்ற கால்வாயில் வேகமாகப் போய் வரும். சுரபுன்னையின் வேர்கள் இருபுறமும் தோளை உரசுகிற குறுகிய ஓடைகளுக்குள் அது நுழைய முடியாது. அங்கே துடுப்பை நிறுத்தினால் சேற்றில் நண்டு ஓடும் சத்தம்கூடக் கேட்கும். அதற்காகத்தானே இத்தனை தூரம் போகிறோம்? டிக்கெட் எடுக்கும்போதே எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம், எந்த வழி என்று கேட்டு, சீட்டில் அந்த நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். உயிர்காப்பு மேலாடை போடாமல் யாரும் ஏற வேண்டாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரமும் இந்தக் காட்டில் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். குழந்தைகள் கிளையை ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆரோவிலில் உள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திருக்கு 'பாஸ்' வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் தலைக்கு 300 ரூபாய் கேட்டார்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: தராதீர்கள். வெளியிலிருந்து பார்க்கும் இடத்துக்கான அனுமதிச் சீட்டை ஆரோவில் பார்வையாளர் மையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். உள்ளே போக வேண்டுமானால் ஆரோவிலிடமே நேரடியாக முன்பதிவு செய்ய வேண்டும். இடையில் ஆள் தேவையில்லை.

கேள்வி: புயல் எச்சரிக்கையால் படகுகள் நிறுத்தப்பட்டன, ஏஜென்ட் எங்கள் பயணத்தை ரத்து செய்துவிட்டார். முன்பணம் 6,000 ரூபாயைக் கேட்டால், ரசீதில் 'முன்பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்.
– வாசகர், கடலூர் மஞ்சக்குப்பம்

பதில்: அந்த ஒரு வரியோடு உங்கள் உரிமை முடிந்துவிடாது. நீங்கள் பயந்து ரத்து செய்திருந்தால் நிலைமை வேறு. அவரே சேவையைத் தரவில்லை. தராத சேவைக்கு வாங்கிய பணத்தை வைத்துக்கொள்வதை எதிர்த்து 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வழக்குத் தொடுக்கலாம். முதலில் தேதி, தொகை, ரத்து செய்ததாக அவர் அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் குறிப்பிட்டு, பதினைந்து நாள் கெடு வைத்து ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். பலருக்கு இதிலேயே பணம் வந்துவிடுகிறது. வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஏஜென்ட் புதுச்சேரிக்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும்.

நம் கரையில் நவம்பர், டிசம்பர் என்றாலே புயல் காலம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இந்த மாதங்களில் முன்பணத்தைக் குறைவாகக் கொடுத்து, 'வானிலையால் ரத்தானால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார் எடுக்க வசதியில்லை. கடலூரிலிருந்து இரண்டு மகள்களோடு பஸ்ஸிலேயே பிச்சாவரம் போய்வர முடியுமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தாராளமாக அம்மா. கடலூர் பஸ் நிலையத்திலிருந்து சிதம்பரத்துக்கு அடிக்கடி வண்டி உண்டு. அங்கிருந்து பிச்சாவரத்துக்கு டவுன் பஸ். அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ் என்றால் உங்கள் மூவருக்கும் கட்டணமே இல்லை. ஆனால் நகரத்தைப் போல நிமிடத்துக்கு ஒரு வண்டி வராது. இறங்கும்போதே நடத்துனரிடம் திரும்பும் பஸ்ஸின் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்கேற்றபடி படகுக்கு டிக்கெட் எடுங்கள்.