உபுண்டு 24.04-இல் கிம்ப் 3 (படம் திருத்தும் மென்பொருள்)-க்கு சி மொழியில் ப்ளக்இன் கம்பைல் செய்ய மெசானை (பில்ட் கருவி) எப்படி அமைப்பது? கிம்ப்பை ஃபிளாட்பேக்கில் போட்டிருக்கிறேன். 'கிம்ப்-3.0 இல்லை' என்று நின்றுவிடுகிறது

கேள்வியில் நீங்கள் கிம்ப்பை ஃபிளாட்பேக்கில் (மென்பொருளைத் தனிக் கூண்டில் வைத்து ஓட்டும் முறை) போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். உங்கள் மெசான் ஃபைலில் தவறு இருக்க வாய்ப்பு குறைவு.

உபுண்டு 24.04-இன் களஞ்சியத்தில் இருப்பது கிம்ப் 2.10. அதன் டெவலப்மென்ட் பாக்கேஜைப் போட்டால் 2.10-இன் ஹெடர்கள்தான் (கம்பைல் செய்யத் தேவையான அறிவிப்பு ஃபைல்கள்) கிடைக்கும். நீங்கள் ஓட்டும் கிம்ப் 3 ஃபிளாட்பேக்கின் கூண்டுக்குள் தனியாக இருக்கிறது. வெளியிலிருந்து மெசான் தேடினால் அது கண்ணில் படாது. பாதைகளைக் கையால் எழுதி இதைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கிம்ப் எங்கிருந்து வந்ததோ, ஹெடரும் லைப்ரரியும் அங்கிருந்தே வர வேண்டும்.

கற்றுக்கொள்ளும் கட்டத்தில் எளிய வழி டெபியன் 13 (இன்னொரு லினக்ஸ்). அதில் கிம்ப் 3.0-ஏ இருக்கிறது, டெவலப்மென்ட் பாக்கேஜையும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். ஃபிளாட்பேக்கை விடவே முடியாது என்றால், ஃபிளாட்பேக்-பில்டர் என்ற கருவி மூலம் கிம்ப்பின் எக்ஸ்டென்ஷனாக பில்ட் செய்யுங்கள். சற்று நீண்ட வேலைதான், ஆனால் மற்றவர்களுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் செய்யலாம். விண்டோஸ்காரர்களுக்கு எம்சிஸ்2 (விண்டோஸில் கம்பைல் செய்யும் கருவித் தொகுப்பு) போதும்.

சரி, மெசான் ஃபைலுக்கு வருவோம். டிபென்டன்சியாக (ப்ளக்இன் சார்ந்திருக்கும் லைப்ரரியாக) கிம்ப்-3.0-ஐக் கேளுங்கள், டயலாக் காட்டுவதானால் கிம்ப்யுஐ-3.0-ஐயும் சேருங்கள். ஜிடிகே 3 (விண்டோ, பட்டன் காட்டும் லைப்ரரி), ஜெகல் (படத்தைச் செயலாக்கும் லைப்ரரி) எல்லாவற்றையும், லைப்ரரிகளைத் தேடித் தரும் பிகேஜி-கான்ஃபிக் தானாகவே இழுத்து வரும். அப்புறம், டார்கெட்டை எக்ஸிக்யூட்டபிள் என்று எழுதுங்கள், ஷேர்டு லைப்ரரி என்று எழுத வேண்டாம். மாயா (3டி மென்பொருள்) போன்றவை ப்ளக்இன்னைத் தம் ப்ராசஸுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும். கிம்ப் அப்படியில்லை, ஒவ்வொரு ப்ளக்இன்னையும் தனி ப்ராசஸாக ஓட்டி அதனோடு பேசுகிறது. ப்ளக்இன் க்ராஷ் ஆனாலும் திறந்திருக்கும் படம் போகாது. கிம்ப்பின் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஒரே ஒரு சி ஃபைல் என்றால் மெசானும் வேண்டாம், கிம்ப்பின் டெவலப்மென்ட் பாக்கேஜோடு வரும் கிம்ப்டூல்-3.0 கம்பைல் செய்து உரிய இடத்தில் போட்டுவிடும்.

பில்ட் முடிந்தும் மெனுவில் ப்ளக்இன் வரவில்லையா? முதலில் ஃபோல்டரைப் பாருங்கள். கிம்ப் 3-இல் ஒவ்வொரு ப்ளக்இன்னும் தன் பெயரிலேயே உள்ள ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும்: எக்ஸிக்யூட்டபிளின் பெயர் 'மங்கல்' என்றால் ஃபோல்டரின் பெயரும் 'மங்கல்'. பெயர் ஒத்துப்போகாவிட்டால் கிம்ப் அதைச் சேர்த்துக்கொள்ளாது. பழைய 2.10 பாடங்களைப் பார்த்து எழுதுபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். அதுவும் சரியாக இருந்தால், டெர்மினலிலிருந்து வெர்போஸ் (விவரமாகச் சொல்லும்) ஆப்ஷனோடு கிம்ப்பைத் திறந்து பாருங்கள். எந்த ப்ளக்இன்னைக் கேட்டது, எது ஏன் விழுந்தது என்பது அங்கே ஓடும். அதில் வரும் வரிகளைக் கமெண்டில் போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.