இடது பக்கம் மட்டும் முடி ஏன் குட்டையாக இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 36. பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன்பு பார்லரில் தோள் அளவுக்குச் சமமாக முடி வெட்டிக்கொண்டேன். இப்போது வலது பக்கத்தைவிட இடது பக்கம் மூன்று அங்குலம் குட்டையாக இருக்கிறது. நெற்றியோரத்திலும் காதுக்கு மேலேயும் முடி குச்சி குச்சியாக நிற்கிறது, வளர்வதே இல்லை. பின்பக்கம் மட்டும் நன்றாக இறங்கியிருக்கிறது. நரைக்காக மாதம் ஒருமுறை டை போடுகிறேன். பழனிக்குப் போய் மொட்டை போட்டால் ஒரே சீராக வளரும் என்கிறார் மாமியார். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார் தோழி. தலையில் ஒரு பக்கம் வேகமாகவும் ஒரு பக்கம் மெதுவாகவும் முடி வளருமா டாக்டர்?

பதில்: கொஞ்சம் வித்தியாசமாக வளரும். உச்சந்தலையில் சற்று வேகம், நெற்றிப்பொட்டுப் பக்கம் சற்று மெதுவு. ஆனால் அந்த வித்தியாசம் மிகச் சிறியது. உங்களுக்கு மூன்று அங்குலம் குறைந்ததற்கு அது காரணமாக இருக்க முடியாது. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்டால், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தலைமுடி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர் வளர்கிறது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் வெட்டி 18 மாதம் ஆகிறது என்றால் 18 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். மூன்று அங்குலம் என்பது ஏழரை சென்டிமீட்டர். வேகம்தான் காரணம் என்றால் உங்கள் இடது பக்கத்து முடி வலது பக்கத்தைவிட நாற்பது சதவீதம் மெதுவாக வளர்ந்திருக்க வேண்டும். ஒரே ரத்த ஓட்டம், ஒரே சாப்பாடு, ஒரே ஹார்மோன் கிடைக்கும் தலையில் இடது வலது என்று அப்படி ஒரு பிரிவு இயல்பாக நடப்பதில்லை.

இதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்க முடியும். அதற்கு நீங்கள் டை போடுவது நல்ல வசதி. டை போட்டு முப்பது நாள் ஆனதும், அடுத்த டைக்கு முன்னால், நடு வகிடு எடுத்துக்கொள்ளுங்கள். வேரிலிருந்து கறுப்பு தொடங்கும் இடம் வரை வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். அந்த ஒரு மாதத்தில் வளர்ந்த முடி அதுதான். பிள்ளைகளின் ஸ்கேலை வைத்து, இரண்டு காதுக்கும் மேலே ஒரே உயரத்தில் அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி வந்தால், வேர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அர்த்தம். அப்படியானால் வளர்ந்த முடி வழியில் எங்கோ தொலைகிறது.

எங்கே தொலைகிறது? பெரும்பாலும் ஒடிந்து போகிறது. முடி கொட்டுவதும் ஒடிவதும் வேறு வேறு. சீப்பில் வரும் முடியை ஒரு வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் கடுகில் பாதிகூட இல்லாத வெளிறிய குமிழ் இருந்தால் அது ஆயுள் முடிந்து தானாக விழுந்த முடி. தினம் ஐம்பதிலிருந்து நூறு வரை விழுவது சகஜம்தான். இரண்டு முனையிலும் குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் ஒடிந்த முடி. இடது பக்கம் சீவும்போது வருவதையும் வலது பக்கம் சீவும்போது வருவதையும் தனித்தனித் தாளில் போடுங்கள். ஒரு வாரத்தில் விஷயம் விளங்கிவிடும்.

ஒரு கல்லூரி மாணவி இதே குறையோடு வந்தார். தைராய்டு, இரும்புச்சத்து, ஹார்மோன் என்று ஒரு கட்டு ரிப்போர்ட் வைத்திருந்தார், எல்லாம் சரியாக இருந்தது. அவர் தோளில் மாட்டியிருந்த பையை மேசைமேல் வைக்கச் சொன்னேன். வாரின் கொக்கியில் பத்துப் பன்னிரண்டு முடிகள் சுற்றிக்கிடந்தன. ஒன்றில்கூட வேர் இல்லை. பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வார் முடியைப் பிடித்து இழுத்தபடி இருந்திருக்கிறது. பையை மறு தோளுக்கு மாற்றுவதால் பயனில்லை, அந்தப் பக்கமும் ஒடியும். முடியைக் கொண்டையாக மேலே தூக்கிவிட்டுப் பையை மாட்டச் சொன்னேன், அவ்வளவுதான்.

நீங்கள் பையை எந்தத் தோளில் மாட்டுகிறீர்கள்? எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறீர்கள்? பின்னலை எப்போதும் ஒரே பக்கமாக முன்னால் போடும் வழக்கம் உண்டா? பூ வைக்க ஹேர்பின்னைத் தினமும் ஒரே இடத்தில் குத்துகிறீர்களா? தலை காயும் முன்பே சிக்கெடுக்கிறீர்களா? ஈர முடி எளிதாக இழுபட்டு ஒடியும், காலையில் பள்ளிக்கு ஓடும் அவசரத்தில் எல்லோரும் செய்வது அதுதான். டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் வேரிலிருந்து நுனி வரை பூசினால், நுனியில் இருக்கும் முடி இதுவரை பதினெட்டு முறை ரசாயனத்தைத் தாங்கியிருக்கிறது. அது தாங்காது. வெள்ளைப் பட்டையில் மட்டும் பூசுங்கள்.

இனி நெற்றியோரத்து விஷயம். இதைத்தான் நான் அதிகக் கவனத்தோடு பார்ப்பேன். அங்கே நிற்கும் குட்டை முடியில் ஒன்றைத் தாளின் முன் வைத்து நுனியைப் பாருங்கள். நுனி ஊசிபோலக் கூராக இருந்தால் புதிதாக முளைத்து வரும் முடி, சந்தோஷப்படுங்கள். நுனி மழுங்கியோ துடைப்பம்போலப் பிரிந்தோ இருந்தால் ஒடிந்தது. நுனி மட்டுமல்லாமல் தண்டும் முழுக்கவே பூனைமுடிபோல மெலிந்திருந்தால் வேர்க்கால் பலவீனமாகிறது என்று பொருள்.

இறுக்கிப் பின்னுகிறவர்களுக்கு நெற்றியோரமும் காதோரமும்தான் முதலில் பாதிக்கப்படும், ஏனென்றால் இழுவிசை முழுவதும் அங்கேதான் விழுகிறது. இது புதிய நோயும் அல்ல. முடியை உச்சியில் இறுகக் கட்டும் கிரீன்லாந்துப் பெண்களிடம் 1907-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் ஊரில் சவுரி வைத்துக் கனமான ஜடை போடும் நடனக் கலைஞர்களிடமும், டர்பனுக்குள் இறுகக் கொண்டை போடும் சீக்கிய ஆண்களிடமும் பார்க்கலாம். இழுப்பதை ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டால் முடி திரும்ப வரும். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் வேர்க்கால் தழும்பாகி மூடிக்கொள்ளும். அப்புறம் எந்த மருந்தாலும் அதைத் திறக்க முடியாது. பின்னி முடித்ததும் நெற்றியோரம் வலித்தாலோ, சிறு சிறு பருக்கள் வந்தாலோ, உங்கள் பின்னல் இறுக்கம் என்று உடம்பே சொல்கிறது. தயவுசெய்து அதைக் கேளுங்கள்.

பின்பக்கம் மட்டும் நன்றாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு முடி எவ்வளவு நீளம் போகும் என்பதை வேகத்தைவிட அதன் ஆயுள்தான் அதிகம் தீர்மானிக்கிறது. தலையில் ஒரு முடி இரண்டிலிருந்து ஆறு வருடம் வரை வளரும். பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வெடுத்துவிட்டு விழும். மூன்று வருடம் வளரும் முடி ஓர் அடியைத் தாண்டினாலே பெரிது, ஆறு வருடம் வளரும் முடி இடுப்பைத் தொடும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் வளர்ந்தன. உச்சியிலும் முன்பக்கத்திலும் உள்ள வேர்க்கால்களுக்கு ஆண் ஹார்மோனின் தாக்கம் அதிகம். பெண்களின் உடலிலும் அது சிறிதளவு உண்டு. பரம்பரையாக முடி மெலியும் குடும்பங்களில் இந்த வேர்க்கால்களின் ஆயுள் சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே வரும், முடியும் மெலிந்து குட்டையாகும். பின்மண்டைக்கு அந்தப் பாதிப்பு பெரும்பாலும் இல்லை. அங்கிருந்து எடுத்து முன்னால் நட்ட முடி, நட்ட பிறகும் பின்மண்டை முடியாகவே நடந்துகொள்கிறது என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஆரென்ட்ரைக் 1959-ல் எழுதினார். இன்றைய முடி மாற்று சிகிச்சை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

உங்களுக்கு இது இருக்கிறதா என்று பார்க்க, ஐந்து வருடத்துக்கு முந்தைய போட்டோவில் உங்கள் வகிட்டைப் பாருங்கள். இப்போது நடு வகிடு அகலமாகியிருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தலைக்குத் தடவும் மினாக்சிடில் இதற்கு நல்ல மருந்து. முதல் சில வாரம் முடி கூடுதலாகக் கொட்டலாம், பயந்து நிறுத்திவிடக் கூடாது. பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ வேண்டாம்.

மொட்டை விஷயம். வேண்டுதல் இருந்தால் பழனிக்குப் போய் மனநிறைவோடு நிறைவேற்றுங்கள். எல்லா முடியும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதால் சில மாதங்களுக்கு ஒரே சீராகவும் தெரியும். ஆனால் கத்தி வெட்டுவது தோலுக்கு மேலே இருக்கும் உயிரற்ற தண்டை, வேருக்கு அது தெரியவே தெரியாது. மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் 1928-லேயே ஆராய்ந்து, மழித்தால் முடி வேகமாகவோ தடிமனாகவோ வளர்வதில்லை என்று எழுதிவிட்டார். பழைய பையும் பழைய இறுக்கமும் அப்படியே இருந்தால், ஒன்றரை வருடம் கழித்து இடது பக்கம் மறுபடியும் குட்டையாகத்தான் இருக்கும்.

பயோட்டின் குறைபாடு நம் சாப்பாட்டில் மிக அரிது. குறைபாடே இல்லாதவருக்கு அந்த மாத்திரை முடியை வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. அதோடு ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதிக அளவில் பயோட்டின் சாப்பிட்டால் சில ரத்தப் பரிசோதனைகள் தப்பாகக் காட்டும். இல்லாத தைராய்டு நோய் இருப்பதுபோலத் தெரியும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் அளவு உண்மையைவிடக் குறைவாக வரும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-ல் இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது. ஏற்கெனவே சாப்பிடத் தொடங்கியிருந்தால், ரத்தம் கொடுக்கும் முன் லேபிலும் மருத்துவரிடமும் மறக்காமல் சொல்லுங்கள். அந்தக் காசில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை) மூன்றையும் ஒருமுறை பார்ப்பது எவ்வளவோ மேல். ஆனால் அவற்றில் குறை இருந்தால் முடி தலை முழுக்கக் கொட்டுமே தவிர, இடது பக்கம் மட்டும் குட்டையாகாது.

எண்ணெய் வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெய் முடித் தண்டுக்குள் ஊடுருவும், குளிக்கும்போது புரதம் கரைவதைக் குறைக்கும். மினரல் ஆயிலுக்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் அந்தக் குணம் இல்லை. தலைக்குக் குளிப்பதற்கு முன் தண்டிலும் நுனியிலும் தடவுங்கள். அது முடியை வளர்க்காது, ஆனால் ஒடிவதைக் குறைக்கும். உங்களுக்கு இப்போது தேவையானதும் அதுதான்.

இவற்றில் எதற்கும் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலைகளும் உண்டு. நாணயம் வைத்ததுபோல வட்டமாக வழுக்கை விழுந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம். அரிப்பும் செதிலுமாக முடி ஒடிந்தால் படையாக இருக்கலாம், அதற்கு வெறும் களிம்பு போதாது, உள்ளுக்கு மாத்திரை வேண்டும். எரிச்சலோடு தோல் சிவந்து, அப்புறம் துளைகளே தெரியாமல் பளபளவென்று ஆகிவிட்டால் வேர்க்கால்கள் தழும்பாகின்றன, ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இவை எதுவும் இல்லையென்றால் வலது பக்கத்தை இடது பக்கத்தின் அளவுக்கு வெட்டிச் சமமாக்குங்கள். வெட்டும்போது நடு வகிடு எடுத்து, தலையைச் சாய்க்காமல் நேராக உட்காருங்கள். பின்னலைத் தளர்த்துங்கள், டையை வேர்ப்பக்க வெள்ளைப் பட்டையில் மட்டும் பூசுங்கள். மூன்று மாதம் கழித்து அதே ஸ்கேலை எடுத்து வேர்ப் பட்டையையும் நீளத்தையும் இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். இரண்டு பட்டைகளும் சமமாக இருந்து, இடது நீளம் மட்டும் மறுபடியும் குறைந்திருந்தால், அந்தப் பக்கம் ஒடிக்கும் பொருள் எது என்று சேர்ந்து தேடுவோம். பட்டையே சமமாக இல்லையென்றால் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், பக்கத்தில் இருக்கும் தோல் மருத்துவரிடம் நேரில் போய்த் தலையைக் காட்டுங்கள்.