அட்லாண்டிக்கைக் கடக்க ஓய்வூதியப் பணத்தைத் தொடலாமா?

கேள்வி: வயது 56, சவுத்தாம்ப்டனில் வசிக்கிறேன். 2006இல் கட்டப்பட்ட எங்கள் 38 அடி பாய்மரப் படகில் நானும் மனைவியும் நண்பர்கள் இருவரும் வரும் நவம்பரில் ஸ்பெயினின் கேனரி தீவுகளில் உள்ள லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியன் தீவான செயின்ட் லூசியாவுக்குப் புறப்படுகிறோம். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்துக்கு 7,500 பவுண்டு. பாய்மரத்தைத் தாங்கும் ரிக்கிங் கம்பிகளை மாற்ற 6,500 பவுண்டு. கம்பிகள் பளபளப்பாகவே இருப்பதால் அவற்றைத் தள்ளிப்போட எண்ணுகிறேன். கையிருப்பு 26,000. என் தனியார் ஓய்வூதிய நிதியில் உள்ள 90,000 பவுண்டில் 30,000 எடுக்கலாமா? ஓராண்டுக்குப் பின் வேலைக்குத் திரும்புவேன்.

பதில்: செலவின் வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். எதையும் வாங்குவதற்கு முன், பெருங்கடல் பயணத்துக்கு என்னென்ன நிபந்தனைகள் என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். கம்பிகளின் வயது, படகைக் கரையேற்றிச் செய்த ஆய்வறிக்கை, பயணிப்போரின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பல நிறுவனங்கள் கேட்கும். பத்து ஆண்டுகளைத் தாண்டிய கம்பி என்றால் மாற்றச் சொல்வதும் வழக்கம். பளபளப்பை நம்ப வேண்டாம். ஆலோசனைக்கு வந்த ஒருவர் கழற்றிய கம்பித்துண்டை என் மேசைமீது வைத்தார்: வெளியே வெள்ளி போல மின்னியது, முனைக் கவ்விக்குள் நுழையும் இடத்திலோ பழுப்புத் துருவும் அறுந்த இரண்டு இழைகளும் இருந்தன.

இயந்திரம் காத்திருக்கலாம். நாளுக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் வீதம் நால்வருக்கு 21 நாளைக்கு 252 லிட்டர்தான் ஆகிறது. உங்கள் தொட்டி அதற்குப் போதுமா என்று பாருங்கள். தொட்டி நீர் கெட்டாலும் தவிக்காதபடி ஒரு பகுதியைத் தனிக் கேன்களில் வையுங்கள். குளியலுக்குக் கடல்நீர் இருக்கிறது.

ஓய்வூதிய நிதியில் கவனம் தேவை. 30,000 பவுண்டை ஒரே தொகையாக நேரடியாக எடுத்தால் கால்பங்கான 7,500க்கு மட்டுமே வரியில்லை. மீதி 22,500 அவ்வாண்டின் வருமானத்தில் சேரும். அதைவிடப் பெரிய இழப்பு, வரிச் சலுகையோடு ஆண்டுதோறும் நீங்கள் செலுத்தக்கூடிய உச்சவரம்பு 60,000இலிருந்து 10,000 ஆகச் சுருங்கிவிடுவது. முதலாளி செலுத்தும் பங்கும் அதற்குள் அடங்கும். வேலைக்குத் திரும்பப்போகிறவருக்கு இது வலிக்கும். அவசியமானால், நிதியில் 40,000 பவுண்டைப் படிப்படியாகப் பணமெடுக்கும் கணக்குக்கு மாற்றி, வரியில்லாத 10,000 பவுண்டை மட்டும் பெறுங்கள்; மீதி 30,000 பவுண்டைத் தொடாதவரை உச்சவரம்பு குறையாது.

அந்த 10,000 படகுச் சாமான்களுக்கு அல்ல, படகின் திரும்பும் பயணத்துக்கு. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கரீபியனில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். அப்போது படகை அங்கே விட்டுவைத்தால் புயல் சேதத்துக்குப் பல காப்பீடுகள் பொறுப்பேற்பதில்லை. மே மாதத்தில் அட்லாண்டிக்கின் நடுவே உள்ள அசோர்ஸ் தீவுகள் வழியாக ஓட்டி வருவீர்களா, சரக்குக் கப்பலில் ஏற்றுவீர்களா, அங்கேயே விற்பீர்களா? ஓட்டி வருவதென்றால் பழுதுபார்க்கப் பணமும் ஆட்களும் வேண்டும். ஏற்றுவதென்றால் இப்போதே விலை கேளுங்கள். விற்பதென்றால், அவசரத்தில் விற்பவருக்குக் கிடைக்கும் விலையையே கணக்கில் கொள்ளுங்கள். கம்பி, ஆய்வு, உயிர்காப்பு மிதவையின் பராமரிப்பு ஆகியவை போக 26,000இல் மிஞ்சுவதோடு அந்த 10,000ஐயும் சேர்த்துத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, அதன்பின் இயந்திரத்தைப் பற்றி யோசியுங்கள்.