2008 ஆல்ட்டோ: எதை நீங்களே செய்யலாம், எதை மெக்கானிக்கிடம் விடலாம்

2008 ஆல்ட்டோவுக்கு கராஜில் ‘ஃபுல் சர்வீஸ்’ என்று பெரிய தொகை கேட்கிறார்கள், வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாதியைத் தாராளமாகச் செய்யலாம்.

ஆயிலில் தொடங்குங்கள். இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் ஆயில் இளகி முழுதாக வடியும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு வைத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். அது இன்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதிய ஃபில்டரை மாட்டினால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். வீட்டு சர்வீஸில் இப்படியும் இன்ஜின் போய்விடும். புதிய வளையத்தில் ஆயில் தடவி, அது படிந்ததும் கையால் முக்கால் சுற்று இறுக்குங்கள், ஸ்பேனர் வேண்டாம். பழைய ஆயிலை வடிக்க அடியில் கழற்றிய டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு மாட்டுங்கள். புதிய ஆயிலை முதலில் இரண்டரை லிட்டர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் குச்சி) பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

ஏர் ஃபில்டர் சுலபம். மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் இன்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள். பிளக் பொருந்தும் இன்ஜின் ஹெட் அலுமினியம், புதிய பிளக்கை முதலில் விரலால் திருகுங்கள், மரை கெட்டால் செலவு பல மடங்காகும்.

பிரேக், டைமிங் பெல்ட், கிளட்ச் மூன்றும் மெக்கானிக்குக்கே. பெல்ட் மாற்றிய தேதி தெரியாவிட்டால் முதல் பணம் அதற்குத்தான். பில்லில் ‘இன்ஜின் ஃப்ளஷ்’ (இன்ஜின் உட்புறத்தைக் கழுவும் திரவம்) இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், கேனில் பிடித்து கராஜிலேயே கொடுத்துவிடுங்கள்.