திரும்பி வரும் டிக்கெட்

அன்புள்ள ஐயா,

பொகவந்தலாவைப் பக்கம் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து, போன வருடம் பென்சன் எடுத்தவள் நான். வயது 61. அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதினார். அக்காவின் மாப்பிள்ளை வீட்டார் இந்தியாவுக்கு எழுதினார்கள். 1977இல் கல்யாணமான கையோடு போன அக்கா, நீலகிரிக் கூடலூரில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து இப்போது ஓய்வாக இருக்கிறார். வருகிற தையில் அவரைப் பார்க்கப் போகிறேன். முதல் வெளிநாட்டுப் பயணம்.

டிக்கெட் எடுத்து மூன்று மாதம் ஆகிறது. அதற்குள் ஆளே மாறிவிட்டேன். முழங்கால் வலியோடு கூடலூர் ஏற்றம் ஏற முடியாதே என்று விடியக்காலையில் நடக்கிறேன். அறுபது வருடம் பார்த்த மலையை, அக்கா கேட்டால் சொல்ல வேண்டுமே என்று இப்போதுதான் நின்று பார்க்கிறேன். "இவ இன்னும் பிளேன் ஏறல, அதுக்குள்ள பறக்குறா" என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். இந்த வயதில் இவ்வளவு துள்ளுவது சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

சிரிக்கட்டும், விடுங்கள். தையில் அவர்தான் பெட்டி தூக்கப்போகிறார்.

நம் ஆட்களுக்குப் பயணம் என்றால் கதிர்காமம், சிவனொளிபாதமலை. அதைத் தாண்டினால் போனவர் போனவர்தான். நீங்கள் பிறந்த 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில்தான் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம் ஆட்களைப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே. மிச்சம் 150,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, பத்து வருடம் கழித்து அவர்களையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான ஒரே லயத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் ஒரு நாடு. ஹட்டனில் ரயில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமுக்குப் போனவர்கள் கையில் திரும்பி வரும் டிக்கெட் கிடையாது. உங்கள் கையில் இருக்கிறது. துள்ளாமல் என்ன செய்வீர்கள்?

நானும் 57 வயதில்தான் முதல் பாஸ்போட் எடுத்தேன். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி. யாரோ ஒரு கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிவைத்த ஒரு எழுத்துக்காக நாலு தடவை கந்தோர் படி ஏறினேன். அதை விடுங்கள், அம்மாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் பூர்வீகம் தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கம் என்று தெரியும். அதற்குமேல் நான் கேட்டதே இல்லை. டிக்கெட் போட்ட பிறகுதான் கேட்டேன். அம்மாவுக்கு அப்போது 84. இங்கேயே பிறந்தவர், கடலைத் தாண்டாதவர். ஆனாலும் வெற்றிலை இடித்துக்கொண்டே வழி சொன்னார்: "துறையூர்ல எறங்கி மேக்கால போனா ஏரி. கரையில அய்யனாரு. அய்யனாருக்கு எடது கைப்பக்கம் கெணறு. கெணத்துக்கு எதுத்த வீடு." அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்த வழி. இடது பக்கம் என்னும்போது உலக்கையைப் பிடித்திருந்த கையை எடுத்து, அடுப்பங்கரைப் பக்கமாகக் காட்டினார். நான் மகளுடைய பழைய கொப்பியின் பின்பக்கத்தில் படம் போட்டேன். ஞாயிறுக்கு ஒரு மரம், ஒரு வீடு என்று படம் பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு ஞாயிறு அவரே கொப்பியை வாங்கி, கிணற்றைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார்.

என் டிக்கெட் 2020 ஏப்ரலுக்கு. கொரோனா வந்து மார்ச்சில் கட்டுநாயக்கா விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். காசில் பாதிதான் திரும்பி வந்தது. அடுத்த வருடம் அம்மா போய்விட்டார். துறையூரை நான் இன்னும் பார்க்கவில்லை. கொப்பி இருக்கிறது. காத்திருந்த அந்த எட்டு மாதம் இல்லாவிட்டால், "மருந்து குடிச்சியாம்மா" என்பதற்குமேல் அவரிடம் நான் எதுவும் பேசியிருக்க மாட்டேன். அதனால் போய் வந்து என்ன மாறும் என்ற கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. உங்களுக்கு விடியக்காலை நடையும் மலையும் ஏற்கெனவே கிடைத்தாயிற்று.

ஒன்று மட்டும். உங்கள் மனதில் இருப்பது 1977ஆம் வருட அக்கா என்று நினைக்கிறேன். அங்கே இருப்பவர் எழுபதை நெருங்கிய கூடலூர்க்காரி. இங்கே நம்மை இந்தியத் தமிழர் என்று பதிந்தார்கள். அங்கே போனவர்களைச் சிலோன்காரர் என்றார்கள். அந்தப் பெயரோடு அவர் எப்படிக் காலம் தள்ளினார் என்று உங்களுக்குத் தெரியாது. முதல் இரண்டு நாள் நம் மலையின் கதையைச் சொல்லாமல், அவர் கதையைக் கேளுங்கள்.

தையில் நீலகிரி நம் நுவரெலியா மாதிரிக் குளிரும், கம்பளிச் சட்டை மறக்க வேண்டாம். தேயிலை கொண்டுபோகாதீர்கள், சிரிப்பார். மாசிக் கருவாடு கொஞ்சம் இருந்தால் நல்லது. ரொட்டிக்கு மாசிச் சம்பல் அரைத்து அவருக்கு எத்தனை வருடமோ! அப்புறம், போய் இறங்கியதுமே திரும்பும் தேதியை அக்காவிடம் சொல்லிவிடுங்கள். டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொல்லி அவர் கட்டாயம் சண்டை பிடிப்பார். என்ன பதில் சொல்வது என்று யோசிக்க உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.