லூனா அந்துப்பூச்சிக்கு வாயே கிடையாதா? அப்புறம் எதைத் தின்று வாழ்கிறது?

வாய் பெயருக்கு இருக்கிறது, ஆனால் வேலை செய்யாது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் வாழும் இந்த வெளிர்பச்சைப் பூச்சி, சாப்பாட்டையெல்லாம் புழுவாக இருக்கும்போதே முடித்துவிடுகிறது. பிர்ச், வால்நட், ஹிக்கரி மர இலைகளை வாரக்கணக்கில் மென்று சேர்த்த கொழுப்புதான் பிறகு அதற்குக் கட்டுச்சோறு. கூட்டை விட்டு வெளியே வந்தால் சுமார் ஒரு வாரம்தான் ஆயுள். அதற்குள் இணை தேடி முட்டையிட வேண்டும். பெண் பூச்சி இரவில் காற்றில் விடும் வாசனையை ஆண் பூச்சி இறகு போன்ற உணர்கொம்புகளால் மோப்பம் பிடித்து வந்து சேரும்.

கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: பின் இறக்கைகளின் நுனியில் தொங்கும் அந்த நீண்ட வால்கள் எதற்கு? வெறும் அழகுக்குத்தான் என்று நானும் நினைத்திருந்தேன். வௌவால் ஒலி எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து வேட்டையாடும் அல்லவா? பறக்கும்போது சுழலும் வால்நுனிகள் அந்த எதிரொலியைக் குழப்ப, வௌவால் உடலை விட்டுவிட்டு வாலைக் கவ்வுகிறது. வால் கிழிந்தாலும் பூச்சி பறந்துவிடும். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், வால் நீக்கப்பட்ட பூச்சிகளில் சுமார் 81 சதவீதம் வௌவாலிடம் சிக்கின. வாலுள்ளவற்றில் சிக்கியது 35 சதவீதம்தான்.