தெளிந்த நீரில் மீன்கள் சாவது ஏன்?

கேள்வி: ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் வசிக்கிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியன். பேத்தியின் பிறந்தநாளுக்காக 60 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி, கூழாங்கல் பரப்பி, பஞ்சு வடிகட்டியும் பொருத்தினேன். டர்பனில் இருக்கும் மைத்துனர் சொன்னபடி நீரை ஓர் இரவு வாளியில் வைத்திருந்துதான் ஊற்றினேன். மறுநாள் எட்டுக் கப்பி மீன்களையும் இரண்டு பொன்மீன்களையும் விட்டோம். மூன்றாம் நாள் நீர் பால்போலக் கலங்கியது. வடிகட்டி, கல் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்பினேன். நீர் பளிங்குபோல் ஆகிவிட்டது. ஆனால் ஒரே வாரத்தில் ஐந்து கப்பிகள் செத்துவிட்டன. மிச்சமிருப்பவை நீர்மட்டத்தில் வாயைத் திறந்தபடி நிற்கின்றன. பேத்தி தினமும் காலையில் எண்ணிப் பார்க்கிறாள். எங்கே தவறினேன்?

பதில்: ஐயா, விளக்கத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம். இன்று மாலைக்குள் சில வேலைகள் ஆக வேண்டும். தொட்டி நீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அதே அளவு புதுநீர் ஊற்றுங்கள். அந்தப் புதுநீரில், குழாய் நீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமின், அம்மோனியா இரண்டையுமே முறிக்கும் நீர்மருந்து கலந்திருக்க வேண்டும். கையை விட்டுப் பார்த்தால் தொட்டி நீரின் வெதுவெதுப்பே அதிலும் இருக்க வேண்டும். காற்றுப் பம்பை முழு வேகத்தில் வையுங்கள். இரண்டு நாள் இரை போடவே வேண்டாம். மீன் பட்டினியால் அவ்வளவு சீக்கிரம் சாகாது. பொன்மீன்கள் இரண்டையும் கடைக்காரரிடமோ, தோட்டத்தில் குளம் வைத்திருக்கும் நண்பரிடமோ கொடுத்துவிடுங்கள். அவை ஒரு சாணுக்கு வளரும் சாதி. கழிவும் அதற்கேற்றபடிதான் இருக்கும். உங்கள் தொட்டியில் கல்லும் இடைவெளியும் போக 45 லிட்டர் நீர் இருந்தால் அதிகம். அதில் பொன்மீன் வளர்ப்பது குளியலறையில் எருமை கட்டுவது போன்றது.

இனி, நடந்தது என்ன என்று பார்ப்போம். மீன் செவுள் வழியாகவும் கழிவாகவும் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் அழுகும் இரையிலிருந்தும் அதுவே வருகிறது. ஆற்றிலும் ஏரியிலும் அதை உடைக்கக் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும்; இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது ஓரளவு சேர்ந்தாலும் தாங்கிக்கொள்ளும்; வாராவாரம் கொஞ்சம் நீர் மாற்றினால் அதுவும் குறைந்துவிடும். புதிதாகக் கடையிலிருந்து வந்த தொட்டியில் இந்த இரண்டு கூட்டமுமே இல்லை. நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி, அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது.

வீட்டில் தயிர் தோய்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பாலைக் காய்ச்சி ஆற வைத்துவிட்டால் தானாகத் தயிர் ஆகிவிடுமா? உறை ஊற்ற வேண்டும். ஊற்றினாலும் ஜூன் மாதத்து ஜோகன்னஸ்பர்க் குளிரில் காலையில் பார்த்தால் பால் பாலாகவே இருக்கும். கம்பளி சுற்றி அடுப்போரம் வைத்தால்தான் தோயும். மீன் தொட்டிக்கும் அதே இரண்டு தேவைகள்தான்: உறை, கதகதப்பு. மூன்றாவதாகப் பொறுமையைச் சேர்க்கலாம். தயிருக்கு ஓர் இரவு போதும், இதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். மீன் வளர்ப்போர் இதைத் தொட்டியைப் பழக்குவது என்பார்கள். புதுத் தோசைக்கல்லுக்குச் சொல்லும் அதே சொல்தான்.

உங்கள் தொட்டி மூன்றாம் நாள் கலங்கியது கெட்ட சகுனமில்லை. நீரில் மிதந்து பெருகும் வேறு வகைப் பாக்டீரியாக்களின் கூட்டம் அது. இரையைக் குறைத்துச் சும்மா விட்டிருந்தால் சில நாளில் தானாகத் தெளிந்திருக்கும். நமக்கு வேண்டிய பாக்டீரியாக்கள் நீரில் மிதப்பதில்லை; பஞ்சிலும் கல்லிலும் மெல்லிய வழுவழுப்பாக ஒட்டி வாழ்கின்றன. நீங்கள் குழாயடியில் தேய்த்துக் கழுவியது அந்த வழுவழுப்பைத்தான். அரும்பத் தொடங்கியதைத் துடைத்தெடுத்துவிட்டு மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். வருத்தப்பட வேண்டாம். என் முதல் தொட்டி ஆறு மாதம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, பஞ்சு கறுத்துப்போயிற்றே என்று சமையலறைக் குழாயில் பிழிந்து பிழிந்து வெள்ளை வெளேரென்று ஆக்கினேன். நான்காம் நாள் பார்த்தால் தொட்டியில் பாதி மீன் இல்லை. அன்றிலிருந்து பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளி நீரில் இரண்டு முறை அமுக்கிவிட்டு அப்படியே திருப்பி வைத்துவிடுகிறேன். வாளியில் இறங்கும் நீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும், மழை பெய்த மண்வாசனை அடிக்கும். நாற்றம் அடிக்காமல் அந்த வாசனை வந்தால் தொட்டி நலமாக இருக்கிறது என்று பொருள். மீன் தொட்டிக்கு வாராவாரம் எண்ணெய்க் குளியல் தேவையில்லை.

மைத்துனர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். அவர் சொன்னது குளோரினுக்குப் பொருந்தும். திறந்த வாளியில் ஒரு நாள் நின்றால் குளோரின் காற்றில் போய்விடும். ஆனால் உங்கள் குழாயில் வருவது வேறு. ரேண்ட் வாட்டர் நிறுவனம் வால் அணை நீரைச் சுத்திகரித்துக் குளோரின் சேர்க்கிறது. பிறகு ஐகென்ஹாஃப் போன்ற ஏற்று நிலையங்களில் அம்மோனியாவும் சேர்த்து மோனோகுளோரமின் என்ற குளோரமினாக மாற்றி அனுப்புகிறது. மைல் கணக்கில் குழாய்களில் ஓடினாலும் கிருமிகொல்லி வீரியம் குறையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. நமக்குக் குடிக்க அது நல்லது, மீனுக்கு ஆகாது. குளோரமின் வாளியில் ஓர் இரவு நின்றாலும் போவதில்லை. செவுளையும் அரிக்கும், பாக்டீரியாவையும் கொல்லும். மலிவான குளோரின் நீக்கிகளில் சில அதை உடைத்துவிட்டு, உள்ளே இருந்த அம்மோனியாவை நீரிலேயே விட்டுவிடுகின்றன. ஆகவே புட்டியில் குளோரின், குளோரமின், அம்மோனியா மூன்றின் பெயரும் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். நீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அது வேண்டும், ஒரு குவளை ஊற்றினாலும்கூட.

டர்பனுக்கும் உங்களுக்கும் இன்னும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. கடற்கரை வெப்பத்தில் ஹீட்டர் இல்லாமல் ஓட்டிவிடலாம். உங்கள் ஊர்க் குளிர்காலத்தில் முடியாது. 50 வாட் ஹீட்டர் ஒன்று போதும், 25 டிகிரியில் வைத்துவிடுங்கள். நீர் மாற்றும்போது முதலில் அதன் மின்இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். வெளியே தலைநீட்டிய சூடான கண்ணாடிக் குழாயில் குளிர்ந்த நீர் பட்டால் வெடித்துவிடும். இரண்டாவது உயரம். ஜோகன்னஸ்பர்க் வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து 1,600, 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு. அதே வெப்பநிலையில் டர்பன் நீரைவிட உங்கள் நீரில் கரையும் ஆக்சிஜன் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதற்கு அம்மோனியா செவுளை எரிப்பது முதற்காரணம்; இதுவும் கூடச் சேர்ந்துகொள்கிறது. காற்றுப் பம்பை இரவில் நிறுத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மூன்று கப்பிகள் 45 லிட்டருக்குப் பெரிய பாரமில்லை. அவற்றை வைத்துக்கொண்டே தொட்டியைப் பழக்கிவிடலாம். அதற்குத் துளிமருந்துச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். காகிதப் பட்டைகளை நான் நம்புவதில்லை. அம்மோனியாவுக்கான சோதனைக் குழாய் மஞ்சளாகவே நின்றால் சுழி. எலுமிச்சைத் தோல் நிறத்திலிருந்து வாழையிலைப் பச்சைக்குப் போகப் போக ஆபத்து. பகல் வெளிச்சத்தில், வெள்ளைக் காகிதத்தின் முன் பிடித்துப் பாருங்கள். குழல்விளக்கின் கீழ் எல்லாமே பச்சையாகத்தான் தெரியும். லிட்டருக்கு கால் மில்லிகிராமைத் தாண்டினால் அன்றே கால்பங்கு நீர் மாற்ற வேண்டும். நம் குழாய் நீரின் அமில-கார அளவு (pH) 8ஐ ஒட்டி இருப்பதால் இதில் அலட்சியம் கூடாது: அந்த அளவு 7இலிருந்து 8க்கு ஏறினாலே அம்மோனியாவின் விஷப்பகுதி ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும்.

இரண்டு மூன்று வாரத்தில் அம்மோனியா இறங்கத் தொடங்கும், நைட்ரைட்டு ஏறத் தொடங்கும். ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான். அம்மோனியா சுழியைத் தொட்டதும் வேலை முடிந்ததென்று புது மீன் வாங்கி வந்துவிடுவார்கள். நைட்ரைட்டு, மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்யும். செவுள் சிவப்பு மாறிப் பழுப்பாகும். 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சாதாரண உப்பைக் கரைத்துச் சேர்த்தால் நைட்ரைட்டு உடலில் ஏறுவது பெருமளவு தடைபடும். கப்பி உப்பைத் தாங்கும் மீன். நீர் மாற்றும்போது எடுத்த நீருக்கு மட்டுமே மறுபடி உப்பு, முழுத் தொட்டிக்கும் அல்ல. இரை ஒருநாள்விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. பேத்தியின் கையில் டப்பாவைக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த ஆறு வாரத்தைச் சுருக்க ஒரு நேர்மையான வழி உண்டு: உறை. ஆண்டுக்கணக்கில் நோயில்லாமல் தொட்டி நடத்தும் உறவினரோ பக்கத்து வீட்டாரோ இருந்தால், அவர் வடிகட்டியிலிருந்து பழைய பஞ்சுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அவர் தொட்டி நீரிலேயே அமிழ்த்தி, காயாமல், ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து உங்கள் பஞ்சோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். மீன் குறைவாக இருந்தால் பத்துப் பதினைந்து நாளில்கூடத் தொட்டி நிலைக்கு வந்துவிடும். புட்டியில் விற்கும் பாக்டீரியாக்களில் சில வேலை செய்கின்றன, சில செய்வதில்லை. எத்தனை நாள் எந்த வெயிலில் கிடந்தது என்பதைப் பொறுத்தது. அந்தக் காசுக்குச் சோதனைப் பெட்டி வாங்குவேன்.

இன்னும் மீன் வாங்காத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உயிரை வைத்துச் சோதிக்க வேண்டியதில்லை. வாசனையும் சோப்பும் சேராத அம்மோனியாக் கரைசலை மீனில்லாத தொட்டியில் விட்டே பாக்டீரியாவை வளர்க்கலாம். 10 சதவீதக் கரைசலானால் 50 லிட்டருக்கு 1 மில்லி. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு வரும். கடைகளில் வீடு துடைக்க விற்கும் கலங்கலான அம்மோனியா ஆகாது, அதில் சோப்பு உண்டு. புட்டியைக் குலுக்கினால் நுரை நின்றால் வைத்துவிட்டு வாருங்கள். இரவு ஊற்றிய, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவு மறுநாள் இரவுக்குள் அம்மோனியாவாகவும் இல்லாமல் நைட்ரைட்டாகவும் இல்லாமல் மறைந்தால் தொட்டி தயார். பிறகு பெரிய அளவில் நீர் மாற்றி, சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு மீன் விடலாம்.

மின்வெட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 2023ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. மின்கம்பி திருட்டுப் போனாலும் அதே கதைதான். இரண்டு, நான்கு மணி நேரத்துக்குப் பயமில்லை. தொட்டிக்குள்ளேயே நிற்கும் பஞ்சு வடிகட்டி என்பது உங்கள் நல்லகாலம். மூடிய டப்பா வடிகட்டியானால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா செத்து, மின்சாரம் வந்ததும் அந்த அழுகலைத் தொட்டிக்குள் துப்பிவிடும். பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர் இரவானால் தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்துங்கள், மேற்புறம் திறந்திருக்கட்டும். மின்சாரம் இல்லாதபோது இரை வேண்டாம்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் சுழியில் நின்ற பிறகு, பேத்தியை அழைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். ஒரே தடவையில் மூன்று மீனுக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து இன்னும் மூன்று. ஆண் கப்பிகளாகவே எடுங்கள், இல்லாவிட்டால் தீபாவளிக்குள் தொட்டி குஞ்சுகளால் நிரம்பி, யார் தலையில் கட்டுவதென்று தெரியாமல் தவிப்பீர்கள். மிஞ்சியதை ஓடையில் விடும் எண்ணம் மட்டும் வேண்டாம். செடிகளுக்கும் அதே விதி. ஹார்ட்பீஸ்பூர்ட் அணையை ஆகாயத்தாமரை மூடிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் மீன் பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி நீரைச் சேர்த்து, பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பையில் வந்த கடை நீரைக் கழுவுதொட்டியில் கொட்டிவிடுங்கள்.